இடது கண்ணின் நினைவு

ஊட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சவாரிக்கு ஓடி ஓய்ந்து, ரோட்டில் விடப்பட்ட மட்டக்குதிரை ஒன்றை அவர் வீட்டார் எடுத்து வளர்க்கிறார்களாம். தீனி வைத்தால் தின்கிறது. இடப்பக்கமாகப் போய்க் கையைத் தூக்கினால் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது. “இது இனி மனுஷரை நம்புமா?”

நம்பும். நாள் பிடிக்கும்.

இடப்பக்கம் என்று அவர் எழுதியதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. குதிரையின் இடது கண் பார்ப்பது பெரும்பாலும் மூளையின் வலது பாதிக்குப் போகிறது. ஆபத்தை எடைபோடுவதில் அந்தப் பாதிக்குப் பெரிய பங்குண்டு. 2018இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் குதிரைகளுக்கு ஒருவரின் கோபமான முகத்தைப் படத்தில் காட்டினார்கள். சில மணி நேரம் கழித்து அதே ஆள் சாதாரண முகத்தோடு நேரில் வந்து நின்றார். குதிரைகள் அவரை இடது கண்ணாலேயே அதிகம் பார்த்தன. ஒரு படத்துக்கே இப்படியென்றால், வருஷக்கணக்கில் வாங்கிய சவுக்கடிக்கு? சேணம் கட்டுவதும் ஏறுவதும் வழக்கமாக இடப்பக்கமிருந்துதான். அடியும் அங்கேதான் அதிகம் விழுந்திருக்கும்.

சந்தையில் வாங்கி வந்த எங்கள் சினைமாடு ஒன்று, ஆள் நிழல் பட்டாலே உதைக்கும். அப்பத்தா தினமும் சாயங்காலம் கொட்டிலில் சற்றுத் தள்ளி முக்காலி போட்டுப் புளி ஆய்ந்துகொண்டிருப்பார். மாட்டைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஒரு நாள் கயிறு எட்டுமட்டும் வந்து அதுவே அவர் முந்தானையை மோந்தது.

குதிரைக்கும் அந்தப் பொறுமைதான் வேண்டும். கயிற்றை லேசாக இழுங்கள். அது ஓர் அடி எடுத்து வைத்ததும் உடனே தளர்த்துங்கள். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. அடி வைத்த பிறகும் இழுத்தால், சொன்னதைக் கேட்டதற்கே தண்டனை கொடுத்ததாகிவிடும். வலப்பக்கம் பழகியதை இடப்பக்கமும் முதலிலிருந்து பழக்குங்கள்.

முரட்டுக் குதிரை என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். முரட்டுத்தனம் நம்முடையது. சீசன் முடிந்தால் தீனிச் செலவு மிச்சமென்று குதிரைகளை அவிழ்த்துவிடுகிறோம். குப்பையில் கிடக்கும் சோற்றைப் பிளாஸ்டிக்கோடு விழுங்குகின்றன. குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது போனதுதான்.

தட்டிக்கொடுக்க வேண்டாம், அம்மா. ஓங்கிய கை அதற்கு அடிதான். நேர் முன்னாலோ பின்னாலோ போகாமல், கையைத் தாழ்த்தித் தோள் பக்கமாகச் சாய்வாகப் போங்கள். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பே குறைவதை 1993இல் பிரான்சில் அளந்திருக்கிறார்கள். தலை மெல்லத் தாழும். மேலுதடு முன்னால் நீண்டு துடிக்கும். அப்போதும் நிறுத்திவிடாதீர்கள்.