சர்ச்சிலின் 1940 போர்க்கால உரையும் தன்மைப் பன்மையும்: ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரை முன்வைத்து

வின்ஸ்டன் சர்ச்சில் 04.06.1940 அன்று பிரித்தானியக் காமன்ஸ் அவையில் ஆற்றிய உரை, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்போர் விரும்பிக் கையாளும் பாடப்பகுதிகளுள் ஒன்று. அதன் இறுதிப் பகுதியில் 'வீ ஷல் பைட்' என்னும் தொடர் ஏழு முறை வருகிறது. சொற்களும் பெரும்பாலும் சிறியவை. ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லிப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிக்கல்வி முடித்துக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு அகராதி அதிகம் தேவைப்படாது. ஆயினும் அவ்வுரையின் கடினமான சொல் 'வீ' என்பதே என இக்கட்டுரை கருதுகிறது.

தமிழில் 'நாம்' கேட்போரை உளப்படுத்தும், 'நாங்கள்' விலக்கும். பழந்தமிழில் இவ்வேறுபாடு 'நாம்', 'யாம்' என்பவற்றிடையே அமைந்தது. நன்னூலார் வினைவிகுதியிலும் இதனைக் காண்கிறார்: அம், ஆம் முன்னிலையாரையும், எம், ஏம், ஓம் படர்க்கையாரையும் தன்னோடு உளப்படுத்தும் என்கிறார். இன்றைய எழுத்துத் தமிழிலோ ஓம் விகுதியே இருபொருளுக்கும் பொதுவாயிற்று. ஆகவே, மாணவர் 'போரிடுவோம்' என எழுவாயின்றிப் பெயர்த்துத் தப்பித்துக்கொள்ள முடிகிறது. அது பிழையன்று, தமிழுக்கு இயல்பானதே. எழுவாயையும் எழுதுக என்று ஆசிரியர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அவை உறுப்பினரை நோக்கின் 'நாம்' பொருந்தும். பகைநாடான ஜெர்மனியையும், அப்போது போரில் இறங்காதிருந்த அமெரிக்காவையும் நோக்கின் 'நாங்கள்'. இந்தியர் எங்கு நிற்கின்றனர்? தீவு வீழினும் கடல்கடந்த பேரரசு போரைத் தொடரும் என்கிறது உரையின் இறுதி வாக்கியம். அப்பேரரசில் சென்னை மாகாணமும் அடங்கும். 03.09.1939இல் வைசிராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கலந்துகொள்ளாமலே இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதனை எதிர்த்து அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் இராஜாஜியின் சென்னை அமைச்சரவை பதவி விலகியது. மறுபுறம், உரைக்குப் பின்னணியான டன்கர்க் பின்வாங்கலில் இந்திய இராணுவத்தின் கோவேறுகழுதைப் போக்குவரத்துப் படையினரும் இருந்தனர். கேட்கப்படாமலே அந்த 'வீ'யில் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தமிழில் எந்த இடப்பெயர் உரியது? கவசப் பீரங்கி வண்டிகள் உருவாகும் கனரக வாகனத் தொழிற்சாலையை அன்றாடம் கடந்து வரும் ஆவடி மாணவருக்கு இது வெறும் ஏட்டு வினாவாக இருக்க வேண்டியதில்லை.

'ஷல்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தன்மையிடத்தில் அது வெறும் எதிர்காலமே காட்டும் எனப் பள்ளி இலக்கணம் மனப்பாடம் செய்விக்கிறது. இவ்வுரையைப் படித்தவர் அதனை நம்புதல் அரிது. 'போரிட்டே தீருவோம்' என்னும் துணைவினை வழக்கே அதன் உறுதிப்பொருளை நெருங்குகிறது.

கேட்டல் பயிற்சிக்கு ஒலிப்பதிவைப் பயன்படுத்துவோர், அது அவையில் பதிவானதன்று என்பதை மாணவருக்குச் சொல்லிவிடுதல் நேர்மை. அன்று மாலை பிபிசியில் உரையின் பகுதிகளைச் செய்தி வாசிப்பாளரே படித்தார். இன்று கேட்கும் சர்ச்சிலின் குரல் 1949இல் பதிவானது.

வகுப்பில் அப்பகுதியை இருமுறை பெயர்க்கச் செய்யலாம்: முதலில் அவை உறுப்பினர் ஒருவருக்காக, பின்னர் 1940இன் சென்னை நாளிதழ் வாசகருக்காக. இரண்டாம் பெயர்ப்பில் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் விடுத்து 'அவர்கள்' என்று எழுதும் மாணவரும் இருக்கக்கூடும். அதற்கு மதிப்பெண் குறைத்தல் தகாது. அவ்வாறு எழுதிய காரணத்தை ஆங்கிலத்தில் ஐந்து வரிகளில் எழுதித் தரும்படி கேட்கலாம்.