ஸ்டூடியோ மேசைக்கு வந்தபின்

எழுபதுகளில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பாட்டு வானொலியில் ஒலிக்கவேண்டுமென்றால், டொரிங்டன் சதுக்கத்துக்குப் போகவேண்டும். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குரல் தேர்வில் தேறியவருக்குத்தான் மெல்லிசை மைக். பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக அமர்ந்து வாசிப்பார்கள். சரணத்தில் ஒருவர் பிசகினால் பெரும்பாலும் எல்லோரும் பல்லவிக்குத் திரும்பவேண்டும். அதனால் பாட்டு பதிவுக்கு முன்பே பழுத்திருந்தது. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்களில் கேட்கும் கலகலப்பும் கூடி வாசித்த காலத்துக்குரியது.

1997இல் பெல்ஜியத்தில் பிறந்த ஃபுரூட்டி லூப்ஸ் போன்ற மென்பொருள்கள் தாளக்கட்டைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுவந்தன. 2006இல் கொழும்பின் கிரிஷான் மகேசன் 'ஏசியன் அவனியூ' என்ற தமிழ் ராப் தொகுப்பை வெளியிட்டார். 2013இல் வந்த 'கடல்' படத்தில், ஏ.ஆர். ரஹ்மானின் இசையில் இலங்கையின் ஆர்யன் தினேஷ் கனகரத்தினம் ராப் பாடினார். பாட்டுக்கான வாசல் டொரிங்டன் சதுக்கத்திலிருந்து இடம் மாறிவிட்டது.

இன்று வீட்டிலேயே பாட்டுப் பதிய நினைக்கும் வெள்ளவத்தைப் பெடியன் முதலில் போவது பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் இருக்கும் யூனிட்டி பிளாஸாவுக்கு. வண்ண விளக்கு மின்னும் கேமிங் லப்டொப் கண்ணை இழுக்கும். ஆனால் இசைக்கு வேண்டியது நிதானம். மெலிந்த லப்டொப் சூடேறினால் வேகம் குறையும். அதன் விசிறிச் சத்தம் மைக்கில் ஏறும். நல்ல புரொசசர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும். 2022இல் ரூபாய் சரிந்தபின் விலைகள் எகிறிவிட்டதால், ரேம் கூட்டக்கூடிய பாவித்த லப்டொப்பை வாங்கி, மிச்சக் காசை ஓடியோ இன்டர்ஃபேஸுக்கும் காதை மூடும் ஹெட்ஃபோனுக்கும் கொடுப்பதே கெட்டித்தனம்.

வாங்கியதும், விண்டோஸ் லப்டொப்பானால், தாமதத்தைக் குறைக்கும் இன்டர்ஃபேஸின் ஏசியோ (ASIO) டிரைவரைப் போடவேண்டும். பிறகு பஃபர், அதாவது ஒரு தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலி மாதிரிகளின் அளவு. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 128 வைத்தால் அந்த இடத்தில் சுமார் 3 மில்லிசெக்கன் தாமதம். 512 என்றால் ஏறத்தாழ 12. பாடும்போது சிறியது, மிக்ஸ் செய்யும்போது பெரியது. பதிவின்போது வைஃபையை அணைத்து, மின் அமைப்பை முழு வேகத்தில் வைத்தால் இடையில் வரும் 'டிக் டிக்' பெரும்பாலும் நின்றுவிடும். வேலையின் பிரதி ஒன்று வெளி டிரைவில் இருக்கட்டும். 2022 மார்ச் முடிவில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன ஊர் இது.

கூட்டுத்தாபனக் கலையகத்தின் சுவர் தந்த அமைதி மட்டும் எந்தப் பெட்டியிலும் வராது. வெள்ளவத்தையில் காலி வீதி ஹோர்னும் கரையோர ரயிலும்; கொட்டாஞ்சேனையில் தேவாலய மணியும் கோயில் மணியும். அதனால்தான் குரல் பதிவு நள்ளிரவுக்குத் தள்ளிப்போகிறது, ஜன்னலில் மெத்தை சாய்கிறது.

அன்று பிசகினால் இன்னொருவரின் நேரம் வீணாகும் என்ற கூச்சம் பாடகரைத் தயார்ப்படுத்தியது. இன்று நாற்பதாவது தடவையையும் லப்டொப் சலிக்காமல் பதியும். துண்டுகளை ஒட்டினால் பாட்டு நேராகும், உயிர் வருமென்பதில்லை. அடுத்த புரொசசருக்குக் காசு சேர்ப்பதற்கு முன், ஒரு தபேலாக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டு, மைக்கைத் திறக்காமல் இரண்டு பின்னேரம் பாடிப்பாருங்கள்.