பாடும் மணலும் பாலைவனப் பனிக்கட்டியும்

குழந்தைகளே, பாலைவனம் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? கொளுத்தும் வெயில், கண்ணுக்கெட்டிய தூரம் மணல், ஒட்டகம். மங்கோலியாவின் தெற்கே பரந்து கிடக்கும் கோபி பாலைவனத்திலும் ஒட்டகம் உண்டு. ஆனால் அதற்கு இரண்டு திமில்! மணல் கொஞ்சம்தான், பெரும்பகுதி சரளைக் கல்லும் பாறையும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெப்பம், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கிவிடும்.

இவ்வளவு குளிரும் இடத்தை ஏன் பாலைவனம் என்கிறோம்? மழை இல்லாததால். இந்தியப் பெருங்கடலிலிருந்து கிளம்பும் பருவமழை மேகங்கள் இமயமலையில் மோதித் தென்சரிவிலேயே பெய்து தீர்ந்துவிடுகின்றன. மலையையும் திபெத் பீடபூமியையும் தாண்டிப் போகும் காற்றில் ஈரம் மிஞ்சுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மறிப்பதால் தமிழ்நாட்டுக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவாகக் கிடைப்பதும் இதே கணக்குதான். கோபியில் நாம் பார்க்கப்போகும் அதிசயங்களில் பலவற்றுக்கும் இந்த வறட்சியே காரணம். வாருங்கள், ஒரு வேனில் ஏறிப் போவோம்.

தலைநகர் உலான்பாத்தரிலிருந்து தெற்கே ஏறக்குறைய 550 கிலோமீட்டர் போனால் தலான்ஸட்காட் என்ற ஊர் வரும். அதுவரை தார்ச்சாலை. அதைத் தாண்டினால் பெரும்பாலும் வண்டிகள் ஓடி ஓடிப் பதிந்த தடங்கள்தான் வழி. அங்கேதான் கோபி குர்வான்சைகான் தேசியப் பூங்கா இருக்கிறது. 1993இல் அமைக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 27,000 சதுர கிலோமீட்டர். கேரளத்தில் மூன்றில் இரண்டு பங்கு!

மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் இறங்கி டயர்களில் கொஞ்சம் காற்றை வெளியேற்றுவார். பயந்துவிடாதீர்கள். காற்று குறைந்தால் டயர் சற்றுத் தட்டையாகித் தரையில் அகலமாகப் பதியும். வண்டியின் எடை கூடுதல் பரப்பில் பரவுவதால் சக்கரம் மணலில் புதையாது. ஒட்டகத்தின் அகன்ற பாதமும் இதே வேலையைத்தான் செய்கிறது.

முதலில் யோலின் ஆம் என்ற மலை இடுக்குக்குப் போகலாம். யோல் என்பது எலும்புகளைத் தின்னும் தாடிப் பாறு. பெரிய எலும்பு கிடைத்தால் உயரத் தூக்கிப்போய்ப் பாறையின்மேல் போட்டு உடைத்துத் தின்னும் பறவை அது. இடுக்கின் தரையில் சிறிய ஓடை ஓடுகிறது. குளிர்காலத்தில் ஓடை உறையும்; ஊறிவரும் நீர் உறைந்த பனிக்கட்டியின் மேலேயே வழிந்து அதுவும் உறையும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து பல மீட்டர் கனத்துக்குப் பனிக்கட்டி வளர்ந்துவிடும். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள் என்பதால் வெயில் உள்ளே நுழைவதே அரிது; அதனால் கோடை வந்த பிறகும் பாலைவனத்தில் பனிக்கட்டிமேல் நடக்கலாம். முன்பெல்லாம் ஆண்டு முழுவதும் இருந்த இந்தப் பனிக்கட்டி இப்போது கோடை முடிவதற்குள் உருகிவிடுகிறது. பூமி சூடாவதை ஒரு மலை இடுக்கு இப்படிக் காட்டுகிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அங்கே முயல் இனத்தைச் சேர்ந்த, ஆனால் குட்டைக் காது கொண்ட பைக்கா என்ற சின்னஞ்சிறு விலங்கைத் தேடிப் பாருங்கள். குளிர்காலத்தில் அது தூங்கிக் கழிப்பதில்லை. கோடையிலேயே புல்லைக் கடித்துச் சேர்த்து, தன் வளையருகே போராகக் குவித்து வைத்துக்கொள்கிறது.

இரவு கூடாரம் அடிக்க வேண்டுமல்லவா? வறண்ட ஓடையின் மணல் படுக்கை மெத்தென்று இருக்கிறதே என்று அங்கே அடித்துவிடக் கூடாது. தொலைவில் மலையில் மழை கொட்டினால், இங்கே ஒரு துளி விழாமலே வெள்ளம் பாய்ந்து வரும். மேடான இடமே நல்லது. பகலில் வியர்த்தாலும் கம்பளி எடுத்து வையுங்கள். காற்றிலுள்ள நீராவிதான் தரையின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிவிடாமல் பிடித்துவைக்கிறது. கோபியில் நீராவி குறைவு. சூரியன் மறைந்ததும் வெப்பம் விரைந்து வெளியேறிவிடும். அதே வறண்ட காற்றும் விளக்கில்லாத வெளியும் சேர்ந்து, பால்வீதியை அடிவானம் முதல் அடிவானம் வரை காட்டும்.

அடுத்த நிறுத்தம் மணல். கோங்கோரின் எல்ஸ் என்ற மணற்குன்றுகள் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்கின்றன. உச்சிக்கு ஏறி, சரிவில் உட்கார்ந்து மணலைச் சறுக்கவிட்டால் குன்று முழங்கும்! கேட்பதோடு நிற்காமல் அடிவயிற்றிலும் அதிரும் கனத்த ஒலி. 13ஆம் நூற்றாண்டில் ஆசியாவைச் சுற்றிய மார்க்கோ போலோ, பாலைவனத்தில் கேட்கும் இத்தகைய ஒலிகளை ஆவிகளின் வேலை என்று மக்கள் நம்பியதை எழுதிவைத்தார்.

ஆவி இல்லை. மணற்குன்றின் சரிவு ஏறக்குறைய 34 டிகிரி சாய்வு வரை தாங்கும். அதைத் தாண்டினால் மேல்மணல் சரியும். சரியும்போது ஒவ்வொரு துகளும் தனக்குக் கீழே உள்ள துகளின்மேல் ஏறி இறங்க வேண்டும். துகள்களின் அளவு மிகவும் வேறுபட்டால் அவை ஆளுக்கொரு வேகத்தில் ஏறி இறங்கும். வெறும் சரசரப்புதான் கேட்கும். பாடும் குன்றிலோ காற்று ஏறக்குறைய ஒரே அளவான துகள்களைச் சலித்துச் சேர்த்திருக்கிறது. சுதந்திர தின அணிவகுப்பில் நூறு பேர் ஒரே தாளத்தில் கால் வைப்பதுபோல, கோடிக்கணக்கான துகள்கள் ஒத்த தாளத்தில் ஏறி இறங்குகின்றன. மணலின் மேற்பரப்பே அதிர்ந்து காற்றை உதைக்கிறது. பல குன்றுகளில் இந்த அதிர்வு வினாடிக்கு 70 முதல் 105 முறை.

ஒலியின் சுருதியைத் துகள் முடிவு செய்கிறதா, குன்றுக்குள்ளே இருக்கும் மணல் அடுக்கு முடிவு செய்கிறதா என்று விஞ்ஞானிகள் நெடுநாள் வாதாடினார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வில் மொராக்கோ, ஓமான் மணல்களை ஆராய்ந்தார்கள். மொராக்கோ மணலில் துகள்கள் ஒரே அளவு. குன்று ஒரே சுருதியில் பாடியது. ஓமான் மணலில் அளவு ஓரளவு வேறுபட்டது. பல சுருதிகள் கலந்து வந்தன. அந்த ஓமான் மணலையே சலித்து ஒரே அளவு துகளாக்கிச் சரியவிட்டபோது தெளிவான ஒற்றைச் சுருதி கேட்டது. எனக்குத் துகள் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. ஒன்று நிச்சயம்: மணல் ஈரமானால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பாட்டு நின்றுவிடும். வீட்டில் காய்ந்த மணலைக் குவித்துக் கோணமானியால் சரிவை அளந்து பாருங்கள். பிறகு தண்ணீர் தெளித்துக் குவித்து மீண்டும் அளந்து பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

கடைசியாக, தலான்ஸட்காட்டுக்கு வடமேற்கே உள்ள பயன்ஸாக். இரும்புத் துரு கலந்த சிவப்புப் பாறைகள் மாலை வெயிலில் தீப்பிடித்த மாதிரித் தோன்றுவதால் இதை எரியும் பாறைகள் என்பார்கள். 1920களில் நியூயார்க் அருங்காட்சியகத்தின் ஆய்வாளர் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தன் குழுவோடு கார்களில் கோபியைச் சுற்றினார். கார்களுக்கு வேண்டிய பெட்ரோலை ஒட்டகங்கள் சுமந்தன! 1923இல் இங்கே கூட்டோடு டைனோசர் முட்டைகள் கிடைத்தன. அந்தப் பகுதியில் நிறையக் காணப்பட்ட புரோட்டோசெராடாப்ஸ் இட்டவை என்று நினைத்தார்கள். ஒரு கூட்டின்மேல் பல்லில்லாத அலகு கொண்ட வேறொரு டைனோசரின் எலும்புக்கூடு கிடந்தது. முட்டை திருட வந்ததாக்கும் என்று 1924இல் அதற்கு ஓவிராப்டர், அதாவது முட்டைத் திருடன் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த விஞ்ஞானி ஆஸ்பர்ன், இந்தப் பெயர் தவறாக வழிகாட்டவும் கூடும் என்று அப்போதே எழுதினார்.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1993இல், கோபியின் உகா டோல்கோட் என்ற இடத்தில் அதே வகை முட்டை ஒன்று கிடைத்தது. உள்ளே கரு! அது ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு. கோழியைப் போலக் கூட்டின்மேல் கைகளை விரித்து அமர்ந்த நிலையிலேயே புதைந்துபோன டைனோசரும் அங்கே கிடைத்தது. ஆக, 1923இல் கிடைத்ததும் திருட வந்த விலங்கு அல்ல, தன் முட்டைகளோடு இருந்த விலங்கு என்றே இன்று கருதுகிறார்கள். மழையில் நனைந்த மணற்குன்று சரிந்து அங்கிருந்த விலங்குகளை மூடியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. முதலில் வைத்த பெயரை மாற்றக் கூடாது என்பது அறிவியல் விதி என்பதால், பாவம், ஓவிராப்டர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது.

எலும்பு எந்த இடத்தில், எதன்மேல், எந்த நிலையில் கிடந்தது என்பதைக் கொண்டுதான் இந்த வழக்கு தீர்ந்தது. மங்கோலியாவில் புதைபடிவங்கள் அரசுக்குச் சொந்தம். அங்கிருந்து கடத்தப்பட்டு 2012இல் அமெரிக்காவில் ஏலம் போன டார்போசாரஸ் எலும்புக்கூட்டை மறு ஆண்டே மங்கோலியா மீட்டது. ஆனால் அது மண்ணில் எப்படிக் கிடந்தது என்ற தகவலை இனி மீட்க முடியாது. நம் அரியலூர்ப் பகுதியிலும் டைனோசர் காலத்துக் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் நிறைய உண்டு. சுற்றுலா போகும்போது கல்லில் சங்கோ எலும்போ பதிந்திருப்பதைக் கண்டால் பெயர்த்தெடுக்காதீர்கள். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.