துடைப்பம் கட்ட எந்த மெஷின்?

‘துடைப்பம் தயாரிக்கும் மெஷின், வீட்டிலிருந்தே மாதாமாதம் கைநிறைய வருமானம்’ என்ற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றாத நாளில்லை. ஒரு பக்கம் ஓலையைக் கொடுத்தால் மறுபக்கம் கட்டி முடித்த துடைப்பம் வந்து விழும் என்று நினைக்கும்படிதான் அதைக் காட்டுகிறார்கள். நகையை அடகு வைத்தோ குழுக் கடன் வாங்கியோ இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று பெரம்பலூர், அரியலூர் பக்கம் யோசிப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓலையோ புல்லோ கொண்டு செய்யும் துடைப்பத்துக்கு, தொடக்கம் முதல் முடிவு வரை எல்லா வேலையையும் செய்யும் ஒற்றை மெஷின் கிடையாது. நடுவில் வரும் ஏதாவது ஒரு வேலையைச் செய்யும் மெஷின்தான் உண்டு. எந்த வேலைக்கு எது என்று தெரியாமல் வாங்கியது மூலையில் துருப்பிடிக்கும்.

வாசலுக்கும் தெருவுக்கும் ஈர்க்குத் துடைப்பம், வீட்டுக்குள் பூந்துடைப்பம், சமீப காலமாக இரண்டுக்கும் பிளாஸ்டிக் துடைப்பம். கடையில் மூன்றும் ஒரே மூலையில் சாய்ந்திருந்தாலும் தொழிலாகப் பார்த்தால் மூன்றும் மூன்று உலகம்.

சீவுவதில் போகும் நேரம்

நல்ல தென்னை ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மட்டை விடும். ஒரு மட்டையில் இரு பக்கமும் சேர்த்து 200-க்கு மேல் ஓலை இருக்கும். ஒவ்வோர் ஓலைக்கும் நடுவில் ஓடும் நரம்புதான் ஈர்க்கு. அதைத் தனியே எடுப்பதுதான் இந்தத் தொழிலின் பாரமான வேலை. கட்டுவது சில நிமிடத்தில் முடிந்துவிடும்; சீவுவதில்தான் பொழுது போகும்.

கையால் சீவுகிறவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது புரியும். ஓலையின் அடியை ஒரு கையில் பிடித்து, கத்தியின் வாயை நரம்பை ஒட்டி வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறார். ஒரு பக்கத்துப் பச்சை நாடாவாகச் சுருண்டு விழுகிறது. திருப்பிப் பிடித்து மறுபக்கம். அடியில் தடித்திருக்கும் ஈர்க்கு நுனிக்குப் போகப்போக நூலாக மெலிகிறது. அங்கே கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் நுனி அறுந்துவிடும். மணலையும் தூசியையும் கூட்டித் தள்ளுவது அந்த நுனிதான் என்பதால், நுனி போன ஈர்க்கைக் கட்டின் நடுவே ஒளித்து வைக்கலாமே தவிர, பெருக்க அது உதவாது. ஒரு துடைப்பத்துக்கு இப்படி நூற்றுக்கணக்கான ஈர்க்கு வேண்டும்.

இந்த இடத்துக்கு மெஷின் இருக்கிறது. கோவை, பொள்ளாச்சி வட்டாரப் பட்டறைகளில் செய்கிறார்கள். ஓர் இரும்புச் சட்டம், சிறிய மோட்டார், எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள், இடையில் நரம்பு மட்டும் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட பிளேடு. இவ்வளவுதான். ஓலையின் தடித்த அடியை வாயில் வைத்தால் உருளை கவ்வி இழுக்கும். பச்சை இருபுறமும் வழிந்து கீழே விழ, ஈர்க்கு மறுபக்கம் வரும். வீட்டில் இருக்கும் சிங்கிள் ஃபேஸ் இணைப்பிலேயே ஓடும்.

இதில் கவனிக்க வேண்டியவை உண்டு. ஓலையை ஒவ்வொன்றாகத்தான் கொடுக்க முடியும். மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் எடுத்துக் கொடுக்கும் கையின் வேகம்தான் உற்பத்தி. மட்டையின் நடுவில் இருக்கும் ஓலையின் ஈர்க்கு தடிமன். நுனிப் பக்கத்து ஓலையில் அது மெல்லியது. பிளேடு இடைவெளியை மாற்றும் வசதி இல்லாத மெஷின் ஒன்றில் பச்சையை விட்டுவிடும், இன்னொன்றில் ஈர்க்கையே செதுக்கிவிடும். பிளேடு மழுங்கினாலும் அதே கதைதான். உருளைக்கு முன்னால் விரல் நுழையாதபடி மறைப்பு இருக்கிறதா என்பதை விலை பேசுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சுழலும் உருளைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவே கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஓலையில் இருக்கிறது. மெஷினுக்குப் பச்சையான அல்லது லேசாக வாடிய ஓலை வேண்டும். மரம் தானாக உதிர்ப்பது காய்ந்த மட்டையை. காய்ந்த ஓலை உருளையில் நொறுங்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் ஓரளவுக்கு வழிக்கு வரும். துடைப்பத்துக்காகப் பச்சை மட்டையை வெட்டத் தொடங்கினால் காய்ப்பு குறையும், தோப்புக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே தேங்காய் வெட்டும்போது கழிக்கும் பழுத்த அடி மட்டைகளை அன்றே எடுத்து, ஓரிரு நாளில் சீவிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெரம்பலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி மானாவாரி. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல். தென்னை வேண்டுமென்றால் கொள்ளிடக் கரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் பார்க்க வேண்டும். மட்டையை அங்கிருந்து வண்டியில் ஏற்றி வேப்பந்தட்டைக்குக் கொண்டுபோனால் வாடகையிலேயே லாபம் கரைந்துவிடும். தோப்பருகே சீவி, ஈர்க்கை மட்டும் கட்டாக ஏற்றினால் கட்டுப்படியாகும். அப்படித் தோப்பில் மெஷினை வைப்பவர் மோட்டார் கொட்டகையின் இலவச விவசாய மின்சாரத்தில் அதை ஓட்டக் கூடாது. பாசனத்துக்குத் தந்த மின்சாரத்தை வேறு தொழிலுக்குப் பயன்படுத்துவது விதிமீறல். தனி இணைப்பு வேண்டும்.

பூந்துடைப்பத்துக்கு வடகிழக்கின் புல்

வீட்டுக்குள் பெருக்கும் பூந்துடைப்பத்தின் புல் பெரும்பாலும் மேகாலயாவிலிருந்தும் சுற்றியுள்ள வடகிழக்கு மலைகளிலிருந்தும் வருகிறது. மலைச்சரிவில் வளரும் உயரமான புல்லின் பூங்கதிர் அது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. அந்த மூன்று மாதத்தில் வாங்கி ஈரமும் பூஞ்சையும் படாமல் சேர்த்து வைக்க முடிந்தவர் ஆண்டு முழுக்கத் தொழில் செய்கிறார். முடியாதவர் மழைக்காலத்தில் மொத்த வியாபாரி சொல்லும் விலைக்கு வாங்குகிறார். பூந்துடைப்பத் தொழிலில் முதலீடு என்றால் மெஷினை விடப் புல்லும் கிடங்கும்தான்.

இங்கே மெஷின் இரண்டு இடத்தில் உதவும். ஒன்று, கம்பி சுற்றும் மெஷின். புல் கட்டைச் சுழலும் அச்சில் பொருத்திக் காலால் பெடலை மிதித்தால் கம்பி இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும். மற்றது, கட்டின் அடியைப் பிளாஸ்டிக் பிடிக்குள் அழுத்தி ஏற்றும் பிரஸ். கதிரைத் தரம் பிரிப்பது, உமியும் தூசியும் உதறுவது, நீளம் பார்த்து அடுக்குவது எல்லாம் கைவேலை. மூடிய அறையில் உட்கார்ந்து உதறினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும். காற்றோட்டமான கொட்டகையும் முகக்கவசமும் திட்டச் செலவிலேயே சேர வேண்டியவை. விற்பனைப் பிரசுரம் எதிலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

கதிரைக் கட்டித் துடைப்பமாக்கும் யோசனை பழையது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேட்லி ஊர் விவசாயி லெவி டிக்கின்சன் 1797-இல் ஒருவகைச் சோளக் கதிரைக் கொண்டு துடைப்பம் கட்டினார். அது அக்கம்பக்கத்தில் விற்கவும், சில ஆண்டுகளில் அந்த வட்டாரத்துக்கே அது தொழிலாயிற்று. ஷேக்கர் என்ற சமயக் குழுவினர் உருண்டைக் கட்டை இடுக்கியில் அழுத்தித் தட்டையாக்கித் தையல் போட்டார்கள். பெருக்கும் அகலம் கூடியது. இன்று மேலைநாட்டு வீடுகளில் காணும் தட்டைத் துடைப்பம் அப்படி வந்ததுதான்.

இந்தக் கதையில் பெரம்பலூருக்கு ஒரு செய்தி இருக்கிறது. டிக்கின்சன் பயன்படுத்திய பயிர், நம் மானாவாரியில் காலம் காலமாக விளைந்த சோளத்தின் இனம். தானியம் குறைவு, கதிர்க் காம்புகள் மட்டும் நீளமாக, விறைப்பாக இருக்கும். 2018-இல் படைப்புழு மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்ததைப் பார்த்த இந்த மாவட்ட விவசாயிகள் மாற்றுப் பயிர் தேடுவதில் வியப்பில்லை. துடைப்பச் சோளத்தை ஒரு மூலையில், சில சென்ட்டில் விதைத்துப் பார்க்க வேளாண் துறை துணை நிற்கலாம். ஆனால் படைப்புழுவுக்குச் சோளமும் பிடிக்கும். அந்தக் கதிருக்கு இங்கே சந்தையும் இல்லை. ஏக்கர் கணக்கில் யாரும் இறங்கக் கூடாது.

பிளாஸ்டிக்: முழு மெஷின் உள்ள இடம்

வீடியோவில் மிரள வைக்கும் வேகத்தில் ஓடுபவை பெரும்பாலும் பிளாஸ்டிக் துடைப்ப மெஷின்கள். பழைய பெட் பாட்டிலைக் கழுவி, துண்டுகளாக்கி, ஈரம் போக உலர்த்தி, 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே இழையாகப் பிழிகிறார்கள். தண்ணீரில் குளிர்ந்த இழையைச் சூடாக்கி இழுத்தால் வலு ஏறும். அதன்பின் நறுக்குவார்கள். தலைக்கட்டையில் துளை போட்டு இழையைப் பொருத்துவது அடுத்த மெஷின். அது ஒரு கொத்து இழையை எடுத்து நடுவில் மடித்து, மடிப்பின் குறுக்கே ஒரு கம்பித் துண்டை வைத்துத் துளைக்குள் அடித்து இறக்குகிறது. கண் இமைப்பதற்குள் அடுத்த துளை.

இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான ஜகோரான்ஸ்கி, ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் டோட்னாவில் 1902-இல் தொடங்கியது. 1770 வாக்கிலேயே லியோடெகார் தோமா என்ற மாவு ஆலைக்காரர் தூரிகைத் தொழிலுக்கு வித்திட்ட ஊர் அது. அந்த நிறுவனத்துக்குக் கோவையிலும் கிளை உண்டு. திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இந்த வகை மெஷின் லட்சங்களில் விலை தொடங்கும் தொழிற்சாலைச் சாமான். தடையில்லாத மின்சாரமும், பழுது பார்க்கத் தெரிந்த ஆளும், மாநிலம் முழுக்க விற்கும் வலையும் இருப்பவருக்கே அது பொருந்தும். பத்துப் பேர் உள்ள மகளிர் குழுவுக்கு அதைப் பரிந்துரைப்பது அவர்களைக் கடனில் தள்ளுவதாகும்.

வரியும் கடனும்

ஓலை, புல், குச்சி போன்ற தாவரப் பொருளில் கட்டிய துடைப்பத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் துடைப்பத்துக்கு உண்டு. விற்பனையில் இது ஈர்க்குக்காரருக்குச் சாதகம். ஆனால் வரி இல்லாத பொருளைச் செய்கிறவர் மெஷின் வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது. அதையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையான திட்டங்களுக்குக் கடனும் மானியமும் உண்டு. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்டோருக்கு 35 சதவீதம் மானியம். ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் துடைப்பம் செய்வதும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு அதை அந்த வடிவில் ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இதில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் கிடைக்கும். ஈர்க்கு சீவும் மெஷினும் கொஞ்சம் மூலப்பொருளும் வாங்க இந்த அளவு கடனே போதும். பெரிய திட்ட மதிப்பீடு எழுதித் தருகிறேன் என்று வரும் தரகரை நம்ப வேண்டியதில்லை.

‘மெஷினை எங்களிடம் வாங்குங்கள், செய்யும் சரக்கை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்பவரிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காகிதத் தட்டு, ஊதுவத்தி, கற்பூரம் என்று இதே வாக்குறுதி பலமுறை வந்துபோயிருக்கிறது. முதல் இரண்டு லோடு எடுப்பார்கள். மூன்றாவதில் தரம் சரியில்லை என்பார்கள். பிறகு போனை எடுக்க மாட்டார்கள். மெஷினைப் பார்க்கப் போகும்போது உங்கள் ஊர் ஓலையை ஒரு கட்டு எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் ஓலையை விட்டுவிட்டு உங்கள் ஓலையை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லி, நுனி முறியாத ஈர்க்கு எத்தனை என்று எண்ணுங்கள்.

வாங்குகிறவர் பக்கத்திலேயே இருக்கிறார்

பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகள், அரியலூரில் 201. ஒவ்வொன்றிலும் தெருக்கூட்டும் தூய்மைக் காவலர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. இவர்களுக்கு வேண்டியது நீளக் கம்பு வைத்த ஈர்க்குத் துடைப்பம். குட்டைத் துடைப்பத்தால் விடியற்காலையில் தெரு முழுக்கக் குனிந்து கூட்டும் பெண்ணின் முதுகு என்ன பாடுபடும் என்பது அவருக்குத்தான் தெரியும். ஈர்க்குக் கட்டை மூங்கில் கம்பில் ஆடாமல் பிடித்து வைக்க ஓர் இரும்பு வளையமும் திருகாணியும் போதும். உள்ளூர் வெல்டிங் பட்டறையே செய்து தரும். ஈர்க்கு தேய்ந்ததும் கட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு மாவட்டங்களில் துடைப்ப மெஷினுக்குச் செலவிடும் முதல் பணம் இதற்கே போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஊராட்சிகளும் வெளியூர் பிளாஸ்டிக் துடைப்பத்தை மொத்தமாக வாங்குவதற்கு முன் உள்ளூர்க் குழுவிடம் விலை கேட்க வேண்டும்.

மெஷின் யாருடையது என்பதும் முக்கியம். வியாபாரி வாங்கி வைத்து ஆள் போட்டால், ‘மெஷின்தானே சீவுகிறது’ என்று கட்டுக் கூலியைக் குறைப்பார். குழு வாங்கினால் மிச்சமாகும் நேரமும் பணமும் சீவிய கைகளுக்கே வரும். இரண்டு மெஷினைப் பத்துப் பேர் முறை வைத்து ஓட்டலாம். கட்டுவதை அவரவர் வீட்டில் செய்யலாம்.

பூந்துடைப்பத்தையும் சேர்த்துச் செய்ய நினைக்கும் குழு, ஜனவரியில் புல் வரத்து தொடங்கும்போது பணம் கையில் இருக்கும்படி ஆடி, ஆவணியிலேயே விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். நேர்காணல், வங்கி ஒப்புதல் என்று இழுத்துக் கடன் சித்திரையில் கிடைத்தால், மேகாலயாப் புல் அதற்குள் மொத்த வியாபாரியின் கிடங்குக்குப் போயிருக்கும்.