ஆடியில் தைத்த சட்டையும் மார்கழியில் வெட்டிய ரொட்டியும்



நம் திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி மாதமே பிறந்துவிடும். சாயப்பட்டறையில் சிவப்பும் பச்சையும் இறங்கும். கட்டிங் மேசையில் மான் படம் போட்ட குழந்தை உடுப்புகள் அடுக்கடுக்காகச் சேரும். நாம் தீபாவளி போனஸ் கணக்குப் போட உட்காரும் முன்பே அந்தச் சரக்கு தூத்துக்குடியைத் தாண்டியிருக்க வேண்டும். 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடி நம் ஊருக்கு வந்தார். அதன் பின் ஐரோப்பாவின் பருவங்களே நம் ஊரின் பருவங்கள் ஆகிவிட்டன. ஆனால் யாருடைய பண்டிகைக்காக இரவு ஷிப்ட் ஓட்டுகிறோமோ, அந்தப் பண்டிகையை நம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. 2019 டிசம்பரில் எனக்கு அந்த வாய்ப்பு வந்தது. வந்த காரணம்தான் மகிழ்ச்சியானது அல்ல.

தாமதமான சரக்கு

ஜெர்மனியில் ஒரு பையருக்குக் குழந்தைகளுக்கான இரவு உடை அனுப்பியிருந்தோம். சிவப்புத் துணியில் ஷேடு சேரவில்லை. மறுபடி சாயம் போட்டதில் நாட்கள் போயின. அக்டோபர் கடைசியில் கடைக்குச் சேர வேண்டிய சரக்கு டிசம்பர் முதல் வாரத்தில் சேர்ந்தது. பில் தொகையில் பெரும் தள்ளுபடி கேட்டுக் கடிதம் வந்தது. “தரத்தில் குறை இல்லையே, சில வாரத் தாமதத்துக்கு இவ்வளவா?” என்று எனக்கு ஆதங்கம். நேரில் பேசித் தீர்ப்போம் என்று கம்பளிக் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

கொள்முதல் பிரிவைக் கவனிக்கும் அம்மையார் என் வாதத்தைப் பொறுமையாகக் கேட்டார். பதில் சொல்லவில்லை. “மாலையில் எங்கள் சந்தையைப் பார்த்துவிட்டுப் பேசலாம்” என்றார். டிரெஸ்டன் நகரின் ஸ்டிரீசல் சந்தைக்கு அழைத்துப் போனார்.

1434 முதல் கூடும் சந்தை

இந்தச் சந்தை 1434இல் ஒரு நாள் இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியது என்கிறார்கள். இன்று நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் முன்னாள் வரை நடக்கிறது. நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கடைவீதியை நினைத்துக்கொள்ளுங்கள். மரக்கடைகள், விளக்குத் தோரணம், வாயைத் திறந்தால் புகையாக மூச்சு. செம்புக் கொப்பரையில் பாதாம் பருப்பைச் சர்க்கரைப் பாகில் புரட்டுகிறார்கள். அந்த மணம் கடலைமிட்டாய்ப் பட்டறையை நினைவூட்டியது. உருளைக்கிழங்கைச் சீவி அடை போலச் சுட்டு, ஆப்பிள் கூழுடன் தருகிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவே வயிற்றுக்கு ஆதரவு. முட்டை சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டை, கிராம்பு போட்டுச் சுடவைத்த ஒயினும், குழந்தைகளுக்குப் பழச்சாற்றில் காய்ச்சியதும் பீங்கான் குவளையில் வருகின்றன. நான் பழச்சாற்றோடு நின்றேன். குவளைக்குத் தனியாக முன்பணம் வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். ஆனால் குவளையில் சந்தையின் பெயரும் படமும் இருப்பதால் பலர் ஞாபகார்த்தமாக வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள். குப்பையும் குறைகிறது, குவளையும் விலைபோகிறது. கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய யுக்தி இது.

மிளகு ரொட்டி

அடுத்து ஒரு கருஞ்சிவப்புப் பணியாரம். ‘ஃபெஃபர்குகன்’ என்றார்கள், மிளகு ரொட்டி என்று பொருள். பக்கத்தில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர் இதற்குப் பேர்போனது. கடித்துப் பார்த்தால் மிளகுக் காரம் இல்லை. பட்டை, கிராம்பு, ஏலம் மணக்கிறது. முற்காலத்தில் கடல் கடந்து வந்த மசாலா எல்லாவற்றுக்குமே அங்கே மிளகு என்றுதான் பெயராம். பணக்கார வியாபாரியை ‘மிளகு மூட்டை’ என்று கேலி செய்வதும் அந்த மொழியில் உண்டாம்.

எனக்கு உடனே நொய்யல் கரைக் கொடுமணல் நினைவுக்கு வந்தது. மேற்குக் கடற்கரையின் முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே போன பழைய வணிகப் பாதையில் இருந்த ஊர் அது. கொங்கு மண்ணில் ரோமானியக் காசுகள் கிடைத்திருப்பதையும் அறிவோம். ஐரோப்பாவோடு நம் பக்கத்து வியாபாரம் பனியனில் தொடங்கியதல்ல என்று நினைத்தபோது குளிர் கொஞ்சம் குறைந்தது.

துணியில் சுற்றிய குழந்தை

கடைசியில் அம்மையார் ஒரு ரொட்டியை வெட்டித் தந்தார். பெயர் ‘ஸ்டோலன்’. வெண்ணெய் கனக்கும் மாவு. உள்ளே ரம்மில் ஊறிய உலர்திராட்சை, பாதாம், சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல். மதுவை அறவே தவிர்ப்பவர்கள் கவனிக்கவும். மேலே வெள்ளைவெளேரென்று சர்க்கரைத் தூள். “துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் வடிவம் என்று சொல்வார்கள்” என்றார். துணி வியாபாரி எனக்கு அந்த உவமை மறக்கவே இல்லை.

ஒரு காலத்தில் பண்டிகைக்கு முந்தைய நோன்பில் வெண்ணெய் கூடாது. எண்ணெயில் செய்த ரொட்டி ருசிக்கவில்லை என்று ஆட்சியாளர்கள் ரோமுக்கு விண்ணப்பம் போட்டு, 1491இல் போப்பாண்டவரிடம் வெண்ணெய்க்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். இன்றைய விதி நேர் எதிர். டிரெஸ்டன் ஸ்டோலன் என்று விற்க வேண்டுமானால் வெண்ணெய் கட்டாயம், மார்கரின் கூடாது. ரொட்டிக்காரர்கள் சங்கம் அமைத்து, ஆண்டுதோறும் சோதித்து, எண்ணிட்ட பொன்நிற முத்திரை ஒட்டுகிறார்கள். எண்ணைப் பார்த்தால் எந்தக் கடையின் அடுப்பு என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கடைக்கும் கைப்பக்குவம் வேறு. ஆனால் ஊர்ப் பெயர் பொதுச்சொத்து. 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் அதற்குக் கிடைத்தது.

“இதைச் சுட்டவுடன் சாப்பிடுவதில்லை. சில வாரம் ஊற வைத்தால்தான் ருசி. அதனால் ரொட்டிக்காரருக்கும் கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டவர் கிறிஸ்துமஸ் அன்று யாரிடம் விற்பார்?” என்று கேட்டார் அம்மையார். தள்ளுபடி பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு மணிக்குப் பூட்டு

24ஆம் தேதி காலை பெர்லின் வந்தேன். ஊறுகாய் வாங்க ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். “அண்ணை, இண்டைக்கு ரெண்டு மணியோட எல்லாக் கடையும் பூட்டு. நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஒண்டும் கிடையாது. வேண்டுறதை இப்பவே வேண்டுங்கோ” என்றார். அப்படியே நடந்தது. பிற்பகலில் பெரிய வீதியே அடங்கிவிட்டது. தீபாவளிக்கு முந்தின இரவு விடிய விடிய விற்கும் நமக்கு அது விசித்திரம். 25, 26 இரு நாளும் அங்கே விடுமுறை.

27ஆம் தேதி ஒரு கடையில் நம் சரக்கைப் பார்த்தேன். மான் படம் போட்ட அதே சிவப்பு உடை, வாசலுக்கு அருகே கம்பிக் கூடையில் பாதி விலையில் கிடந்தது. தையலில் பிசகில்லை, ஷேடிலும் பிசகில்லை. தேதி மட்டும்தான் போய்விட்டது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கடையில் மிஞ்சிய பெட்டிகள் கண்முன் வந்தன. அன்று மாலையே அம்மையாருக்குப் போன் செய்து, கேட்ட தள்ளுபடிக்குச் சம்மதித்தேன். அடுத்த ஆர்டரும் அவரிடமிருந்து வந்தது.

நாம் கொள்ள வேண்டியது

முதலாவது, பையர் தரும் கடைசித் தேதியை அவருடைய பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். அது அவருடைய வாடிக்கையாளர் வீட்டுப் பண்டிகை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனபோது பயண நாட்கள் கூடியதை மறந்துவிட வேண்டாம். கடலில் வரும் தாமதம் நம் கையில் இல்லை. சாயப்பட்டறையில் வரும் தாமதம் நம் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது, ஊர்ப் பெயர். பழனிப் பஞ்சாமிர்தமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றன. பத்திரம் வாங்கியது பாதி வேலை. முத்திரைக்குப் பின்னால் ஆண்டுதோறும் சோதனை செய்யும் சங்கம் இருந்தால்தான் பெயர் நிற்கும்.

அங்கிருந்து வாங்கி வந்த ஒரு ஸ்டோலனைச் செக்கிங் பகுதிப் பெண்களுக்கு வெட்டிக் கொடுத்தேன். “இதுக்காகத்தானுங்களா இத்தனை அவசரம்?” என்று கேட்டார் ஒருவர். ஆமாம் என்றேன். அந்த ஆண்டு முதல் எங்கள் கட்டிங் மேசைக்கு மேலே, நம் நாட்காட்டிக்குப் பக்கத்தில், ஜெர்மன் நாட்காட்டி ஒன்றும் தொங்குகிறது.