இடுப்புக்குள் ஒரு குண்டு

பெரியகுளத்தில் எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினத்துக்கு அச்சு மெலிது. அச்சு தடித்தால் அதே உராய்வு விசை மையத்திலிருந்து தள்ளிச் செயல்படும். வாளியை இழுப்பது கடினமாகும்.

தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கைக் குண்டும் கிண்ணமும் பொருத்திய இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி கையாண்டதும் இத்தத்துவமே. நம் தொடை எலும்பின் தலை ஏறத்தாழ 45 முதல் 50 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. அவருடைய எஃகுக் குண்டோ 22 மில்லிமீட்டர்தான். உராய்வின் திருப்புத்திறன் குறைந்தால் கிண்ணம் எலும்பைவிட்டு எளிதில் அசையாதன்றோ? முதலில் அமைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்தன. 1962-இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அது நின்று உழைத்தது.

சிறு குண்டு நழுவக்கூடும் என்பது உண்மை. ஆகவே பின்னாளில் டெப்யூ நிறுவனம் பெரிய உலோகக் குண்டும் உலோகக் கிண்ணமும் கொண்ட ‘ஏ.எஸ்.ஆர்.’ மூட்டைக் கொணர்ந்தது. இடையே திரவப்படலம் நின்று தேய்வைத் தடுக்கும் என்பது கணக்கு. ஆனால் கிண்ணம் ஆழமற்றது. விளிம்பில் பளு விழுந்தபோது படலம் அறுந்தது. கோபால்ட், குரோமியத் துகள்கள் திசுக்களைக் கெடுத்து, இரத்தத்திலும் கலந்தன.

2010 ஆகஸ்டில் நிறுவனம் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றது. உடலுக்குள் இருப்பதை எவ்வாறு திரும்பப் பெறுவது? இந்தியாவில் சுமார் 4,700 மூட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. கட்டாயப் பதிவேடு இல்லாமையால் நோயாளிகளுள் பலரைக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. பதிவேடுகளை முறையாகக் காத்த ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் கணக்கிலிருந்தே, நூறு இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 மூட்டுகள் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என 2019-இல் கணித்தார்கள்.