கோஸ்டா ரிகா: பெட்ரோல் வரியில் வளர்ந்த காடு

கோஸ்டா ரிகான்னாலே தேசியப் பூங்காக்களும் சூழல் சுற்றுலாவும்தான் நினைவுக்கு வரும். ஆனா 1980களில் கதையே வேற. மாட்டுப் பண்ணைகளுக்காக வெட்டியதுபோக, நாட்டின் பரப்பில் கால்பங்கு அளவுக்குத்தான் காடு மிஞ்சியிருந்தது. இன்று பாதிக்கும் மேல் காடு. எப்படி?

டூரிஸ்ட் தரும் காசு மட்டும் காரணமில்லை. பூங்காவைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் தனியார் நிலம். அங்கே மரங்கள் போய்விட்டால் பூங்கா தீவுபோல ஆகிவிடும். விலங்குகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் 1996 வனச் சட்டம், காட்டை அழித்து நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை போட்டது. கூடவே, மரங்களை விட்டுவைக்கும் நில உரிமையாளருக்குப் பணமும் கொடுத்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு எரிபொருள் வரியிலிருந்து வருகிறது.

சிக்கலும் அங்கேதான். 2050க்குள் கார்பன் உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவது அரசின் திட்டம். எல்லா வண்டியும் மின்சாரத்துக்கு மாறிட்டா, காட்டுக்கு யார் காசு கொடுப்பாங்க?